காலாவதி தேதியைக் கண்ணில் காட்டக் கோரும் மனு

அனுப்புநர்: நாற்பதைத் தாண்டிய ஒருவர், மதுரை.

பெறுநர்: மாத்திரை அட்டைக்கு விதி எழுதும் அதிகாரிகள், புது தில்லி.

பொருள்: மாத்திரை அட்டை – எழுத்தைப் பெரிதாக அச்சிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மங்கலாக உள்ளது.

ஐயா / அம்மையீர்,

மனுதாரர் அண்மைக்காலம் வரை தம் கண்ணில் குறையேதும் இல்லை என்றே நம்பியிருந்தார். செய்தித்தாள் மங்கியபோது அச்சகத்தைத் திட்டினார். ஊசியில் நூல் நுழையாதபோது நூலைக் குறை சொன்னார். நல்லாயிருந்த டியூப்லைட்டைக் கழற்றிப் புதிது மாட்டினார். அப்படியும் படிக்க முடியாத மாத்திரை அட்டையைப் பத்தாவது படிக்கும் மகளிடம் நீட்டியபோது, "போன வருஷமே முடிஞ்சு போச்சுப்பா" என்றாள் அவள். மாத்திரையைத்தான் சொல்கிறாள் என்று மனுதாரர் எடுத்துக்கொண்டார்.

கண்ணைச் சோதித்தவர் வெள்ளெழுத்து என்று சொல்லி, ப்ளஸ் ஒன்றேகாலுக்குச் சீட்டு எழுதினார். வயது ஏற ஏற விழிக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போகிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கு முன்போல் உப்பிக்கொடுப்பதில்லை. 10 வயதுப் பிள்ளை எட்டு சென்டிமீட்டர் தூரத்திலேயே எழுத்தைத் தெளிவாகப் பார்த்துவிடும். 50 வயதுக்காரருக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேண்டும். அறுபதுக்கு மேல் கையின் நீளம் போதாது. இது நோயல்ல, இதிலிருந்து எவருக்கும் விலக்கும் இல்லை, விதி எழுதுபவர்கள் உட்பட. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வெள்ளெழுத்து இருந்தும் அதற்குரிய கண்ணாடி இல்லாதவர்கள் 82.6 கோடிப் பேர்.

மனுதாரர் கண்ணாடி வாங்கிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் டிவி மங்கல், கழற்றினால் பேப்பர் மங்கல். எனவே மூக்கு நுனிக்கு இறக்கி, மேல்வழியாக உலகைப் பார்க்கிறார். தங்களை முறைப்பதாக வீட்டில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள்.

இவ்வளவு பட்டும் மாத்திரை அட்டை மட்டும் வழிக்கு வரவில்லை. வெள்ளித் தாளில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. தேதியோ ஓரத்தில், மை இல்லாமல் அழுத்தி மட்டும் பதிக்கப்பட்டிருக்கிறது. நாலே மாத்திரை கேட்டால், மருந்துக்கடைக்காரரின் கத்தரிக்கோல் தேதியைக் கடையிலேயே நிறுத்திக்கொள்கிறது.

அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்று மனுதாரர் சொல்லமாட்டார். மருந்தின் பொதுப்பெயர், வணிகப்பெயரைவிட இரண்டு எழுத்தளவாவது பெரிதாக இருக்க வேண்டும் என்று 2018-இல் விதி செய்தார்கள். எறும்பைவிடப் பெரிய எறும்பு கிடைத்தது. 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 மருந்துகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம். அதற்குள் காலாவதி தேதியும் உண்டு. அட்டையில் தெரியாத தேதியை இனி கைபேசியில் தெரியாமல் பார்க்கலாம்.

நாற்பதைத் தாண்டியவர் ஓட்டுநர் உரிமம் கேட்டால் மருத்துவச் சான்று கேட்கும் அரசுக்கு, நாற்பதில் உடம்பு மாறும் என்பது புதுச் செய்தியல்ல. அசாமின் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து கிள்ளும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான கண்ணாடியை ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைக்காதவர்களைவிட அவர்களின் உற்பத்தி சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கொழுந்தாவது விரல் நீளம் இருக்கும். காலாவதி தேதிக்கு அந்தச் சலுகையும் இல்லை.

ஆகவே மனுதாரர் கோருவது: எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் நிர்ணயிக்க வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தின் எடையைக் குறிக்கும் எண்ணுக்கு 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் அதைத்தான் செய்கின்றன. மினுங்காத வெள்ளைப் பரப்பில் கறுப்பு மையால் அச்சிட வேண்டும். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் தேதி இருக்க வேண்டும். இவை இயலாதெனில், அட்டைக்கொரு பூதக்கண்ணாடியும், படித்துச் சொல்லப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் அரசுச் செலவில் வழங்க ஆவன செய்யவும்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: மாத்திரை அட்டை 1. தேதியைப் படித்து, பதில் கடிதத்தில் பெரிய எழுத்தில் தெரிவிக்கவும்.