தெருக்கூத்து: குறுவினா

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘நிகழ்கலை’ என்றோர் உரைநடைப் பாடம் இருக்கிறது. கரகாட்டம், மயிலாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், தப்பாட்டம் எல்லாம் வரிசையாக வந்து, தெருக்கூத்தும் வருகிறது. நல்ல பாடம்தான். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் அதை அடிக்கோடு போட்டுப் படிக்கிறார்கள். ஊர்த் திரௌபதியம்மன் கோயில் திடலில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிற அன்றைக்கு, பிள்ளையை வீட்டுக்குள் உட்காரவைத்து, ‘தெருக்கூத்து பற்றிக் குறிப்பு வரைக’ என்று உருப்போடச் சொல்கிறோம். கூத்தை நேரில் பார்த்தால் படிப்பு கெட்டுப்போகுமாம். புத்தகத்தில் பார்த்தால் மதிப்பெண் வருமாம். தண்ணீரைக் குடிக்கவிடாமல் அதன் வாய்பாட்டை மட்டும் எழுதச் சொன்ன கதை.

இந்த மாவட்டத்தில் கலைக்குப் பஞ்சமென்றால் புலம்பலிலாவது நியாயம் இருக்கும். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரம், தவில், தேவாரம், பரதம், மிருதங்கம் எல்லாம் அரசுச் செலவிலேயே கற்றுத் தருகிறார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை. நடராசர் கோயிலில் மகாசிவராத்திரியை ஒட்டி 1981-ல் தொடங்கிய நாட்டியாஞ்சலிக்கு உலகம் முழுவதிலிருந்தும் விமானம் ஏறி வருகிறார்கள். கோயில் கோபுர வாசலில் 108 நாட்டியக் கரணங்களையும் கல்லில் செதுக்கி, இன்ன கரணம் இன்னது என்று பக்கத்திலேயே நாட்டிய சாத்திரச் சுலோகத்தையும் வெட்டி வைத்தார்கள். (கிரந்த எழுத்தில், வடமொழியில். அந்தக் காலத்துப் பாடநூல் கழகமும் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு அச்சடிக்கவில்லை.) ஆனால் தேரோடும் வீதியில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அந்தக் கரணங்களில் ஒன்றை உடம்பில் ஏற்றிக் காட்ட ஆளில்லை. இசைப்பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் நடுவே ஒன்றும் கடல் கிடக்கவில்லை. இரண்டு துறைகள் கிடக்கின்றன. கடலென்றால் படகிலாவது கடந்துவிடலாம்.

கலை வந்தால் பாடம் ஓடாது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு நடத்துகிறார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் பன்னிரண்டு, ஐந்துக்கும் ஏழுக்கும் முப்பத்தைந்து என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் விழிப்பார்கள். இசைப்பள்ளியில் தவில் பயிலும் ஒரு மாணவரைக் கூப்பிட்டு வகுப்பில் உட்காரவையுங்கள். வகுப்பில் பாதிப் பேர் ‘தகிட, தகிட’ என்று மூன்று மூன்றாகத் தட்டட்டும். மறுபாதி ‘தகதிமி’ என்று நான்கு நான்காகத் தட்டட்டும். இரண்டு பக்கமும் முட்டி மோதி, விலகி விலகிப் போய், சரியாகப் பன்னிரண்டு தாண்டியதும் ஒரே அடியில் வந்து சேரும். அந்த அடி விழும்போது வகுப்பே கத்தும். மூன்றின் திஸ்ரத்தையும் நான்கின் சதுஸ்ரத்தையும் கையில் வாங்கிய பிள்ளை அந்தக் கணக்கைப் பிறகு மறக்காது. செலவு? தவில்காரரின் பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் மரியாதையான சம்பளமும். மூன்றாவதைச் சொன்னவுடன் கோப்பு மூடிக்கொள்ளும்.

அதற்காகப் பள்ளிக்குள் கலைஞர்களையே விடுவதில்லை என்று சொல்லக் கூடாது. விடுகிறார்கள். டெங்கு மாதத்தில் விடுகிறார்கள். நெகிழிப் பை ஒழிப்பு, நூறு சதவீத வாக்குப்பதிவு, போதைப்பொருள் எதிர்ப்பு என்று ஏதாவது ஒரு துறையின் ஃபிளெக்ஸ் பின்னால் தொங்கினால் விடுகிறார்கள். விடிய விடியத் துரியோதனனாக நின்று ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசையை எழுப்பி உட்காரவைத்தவர், பள்ளி வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் கொசு வேடம் போட வேண்டும். கூத்தில் கட்டியங்காரனின் வேலை ராசாவையே கிண்டல் செய்வது. அவன் வாயில் கை கழுவும் முறையைத் திணித்து, புகைப்படம் எடுத்து, இருபது நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம். பிறகு பயனாளிகள் எத்தனை பேர் என்று அறிக்கையில் எழுதுகிறோம். கொசுவுக்கு இருக்கிற நிதி ஒதுக்கீடு அர்ச்சுனனுக்கு இல்லை.

வேடமே போடாமல் நுழைந்தவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் ஒரு சொற்பொழிவாளர் மேடையேறி, முற்பிறவிப் பாவத்தால்தான் இப்பிறவியில் ஊனம் என்கிற ரீதியில் மாணவிகளுக்கு உபதேசம் செய்தார். அங்கிருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். விவகாரம் வெளியே வெடித்த பிறகுதான் பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்க வேண்டுமென்று கோட்டைக்குத் தோன்றியது. கர்மாவுக்குத் திறந்த கதவு கூத்துக்கு மட்டும் எப்படி அவ்வளவு கனமாக இருந்தது?

‘கலைத் திருவிழா நடத்துகிறோமே’ என்பார்கள். நடத்துகிறார்கள், 2022 முதல். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. வென்றவருக்குக் கலையரசன், கலையரசி பட்டம். மேடையையே பார்க்காத பிள்ளைகள் மேடையேறினார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நல்ல கூத்தைக்கூடப் பார்த்திராத பிள்ளையிடம் முதலிலேயே ‘ஆடிக் காட்டு’ என்கிற அவசரம் எங்கிருந்து வந்தது? பார்ப்பதற்குப் பரிசு இல்லை என்பதால் பார்ப்பது பாடத்திட்டத்தில் இல்லை. பிள்ளை யூடியூபைப் பார்த்து அடவு பிடிக்கிறது. ஆசிரியர் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் பெயரைப் பதிவேற்ற முடியாமல் வட்டம் சுற்றுகிற திரையை முறைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வட்டம்தான் இன்றைக்குப் பள்ளியில் தடையில்லாமல் நடக்கிற ஒரே சுழலாட்டம்.

சரி, சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? 2012-ல் அ.தி.மு.க. அரசு ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பல ஆண்டுகள் மே மாதத்துக்கு அதுவும் இல்லை. கோடை விடுமுறையில் இசை ஆசிரியருக்குப் பசிக்காது என்று யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். 2021-ல் தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில் 181-ஆம் வாக்குறுதியாக அவர்களுக்குப் பணி நிரந்தரம் தந்தது. 2023-ல் சம்பளம் 12,500 என்று அறிவிப்பு வந்தது. நிரந்தரமாக இருந்தது அந்த வாக்குறுதிதான். இவர்களுக்குக் கிடைத்த அரை நாளையும் கணக்கு ஆசிரியர் திருப்புதல் தேர்வுக்குக் கடன் வாங்கிக்கொள்வார்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் ஒவ்வொன்றிலும் தீண்டாமை குற்றம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் முதல் பாடத்துக்குப் போகிறார்கள். சிதம்பரத்துப் பிள்ளைக்கு அதை அச்செழுத்தில் சொல்ல வேண்டியதே இல்லை. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட நந்தன் தீக்குள் புகுந்ததாகப் புராணம் சொல்லும் ஊர் அது. அந்த நந்தனார் பெயரிலேயே 1916-ல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊரும் அதுதான். திரையில் நந்தனாராக நடித்த தண்டபாணி தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கதையைக் கீர்த்தனையாக்கினார். இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தில் அதையே திருப்பிப்போட்டு, அந்தத் தீயை மூட்டியது யார் என்று கேட்டார்.

அந்த நாடகத்தைச் சிதம்பரத்தின் அரசுப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்புக்கு முன்னால் போட வேண்டும். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும். விண்ணப்பம் எந்தெந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் ‘சர்ச்சைக்குரியது’ என்று பச்சை மையில் குறிப்பு விழும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இந்த மாவட்டக் கல்வித்துறையில் அதற்குக் கையெழுத்துப் போடத் துணிந்த அதிகாரி யாராவது இருந்தால் தேதியைச் சொல்லுங்கள். ஜமுக்காளம் விரிப்பதிலிருந்து நாற்காலி தூக்குவது வரை நான் செய்கிறேன். பொன்னாடை மட்டும் வேண்டாம்.