மழை வந்தால் மக்கர் ஏன்?

கேள்வி: வெயிலில் ஒரே சாவியில் கிளம்பும் பழைய பெட்ரோல் கார், மழை நாளில் மட்டும் அடம்பிடிப்பது ஏன்?

பதில்: நனைவது கார், வழிமாறிப் போவது மின்சாரம்! பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதை ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கீறலோ, பிளக் ஒயரில் வெடிப்போ இருந்தால், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் இன்ஜின் உடம்புக்கே பாய்ந்துவிடும்.

1959-ல் பிரிட்டனில் வெளிவந்த மினி காருக்கும் இதே தொல்லைதான். அதன் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்க கிரில்லுக்குப் பின்னாலேயே இருந்ததால், மழைத்தண்ணீர் நேராக வந்து அடித்தது.

ஸ்டார்ட்டர் மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஒயர் மேல் நீலப் பொறி பறந்தால் கசிவு அங்கேதான். அப்போது தொடவே தொடாதீர்கள்!

சாவியை அணைத்த பிறகு அந்த இடத்தைத் துடைத்து உலர்த்துங்கள். கார் கிளம்பிவிட்டாலும், கீறல் விழுந்த மூடியையும் வெடித்த ஒயரையும் அடுத்த மழைக்குள் மாற்றிவிடுங்கள்.