அறிக்கை கேட்ட பதிவாளருக்கு ஒரு மாணவியின் பணிவான பதில்

அனுப்புநர்: முதுகலை நூலக, தகவல் அறிவியல் முதலாமாண்டு மாணவி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பெறுநர்: உயர்திரு பதிவாளர் அவர்கள், பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: முதல் பருவம் – கற்றதும் பெற்றதும் – அறிக்கை சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை (அறிவிப்புப் பலகையில் பாதி கிழிந்த நிலையில் கண்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

பருவம் முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் தாம் கற்றதைத் தொகுத்து எழுதித் தர வேண்டும், தவறினால் மதிப்பெண் பட்டியல் நிறுத்தி வைக்கப்படும் என்பது வரை படிக்க முடிந்தது. அதற்குக் கீழே கிழிந்திருந்தது. தகவல் அறிவியல் துறைக்கு வந்த தகவலே முழுசாக வந்து சேரவில்லை என்று இதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்முறைப் பயிற்சியின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் தாளில் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள். சென்னை நூலகச் சங்கம் 1931ல் புத்தகமாக வெளியிட்டது. இரண்டு மதிப்பெண்ணுக்கும் கேட்பார்கள், பத்து மதிப்பெண்ணுக்கும் கேட்பார்கள் என்பதால் இரண்டு நீளத்திலும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், செய்தோம். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அந்தப் புத்தகம் நம் துறை நூலகத்தில் இருக்கிறது. பச்சை பைண்டிங். பீரோவின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். சாவி நூலக உதவியாளரிடம். அவர் தேர்வுப் பணியில். தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டும் பணியில். அதன் பிறகு மருத்துவ விடுப்பில்.

முதல் விதியை விளக்கும்போது, அந்தக் காலத்து ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததை ரங்கநாதன் சொல்கிறார் என்று ஜெராக்ஸ் நோட்ஸில் படித்தேன். சங்கிலியில் ஒரு வசதி உண்டு ஐயா, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம். அதே 1931ல் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த மாடு நடந்த தூரத்தில் கால்வாசி நம் சாவி நடந்திருந்தால் போதும்.

அடுத்தது நூலகத் தானியக்கம். கோஹா என்ற மென்பொருள் நியூசிலாந்தில் உருவானது, காசு கொடுக்க வேண்டாம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆய்வகத்தில் நெட் இல்லை. ஆகவே எங்கள் மேடம் அதன் முகப்புத் திரையைக் கரும்பலகையில் வரைந்தார், தேடும் பெட்டியை மட்டும் மஞ்சள் சாக்பீஸில். அவர் கௌரவ விரிவுரையாளர். அந்த மஞ்சள் சாக்பீஸே அவர் கைக்காசில் வந்ததுதான். செய்முறைத் தேர்வில் நாங்களும் வரைந்தோம். நல்ல மதிப்பெண்.

இடையில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருவனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. இதற்காக நிர்வாகம் வருந்த வேண்டாம். காஞ்சிக் கடிகையில் படிக்க வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறாகிப் படிப்பை விட்டுப் போய்க் கடம்ப அரசையே நிறுவினான் என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. படிப்பை விட்டவர்களுக்கு எங்கள் ஊரில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. முடித்தவர்களைப் பற்றித்தான் கல்வெட்டு எதுவும் கண்ணில் படவில்லை.

வகைப்படுத்தல் தாளில்தான் மனசு ஒட்டியது. ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை, 1933. லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பார்த்து அவருக்கு யோசனை தட்டியதாம். எந்த விஷயத்தையும் ஒரே பெட்டியில் அடைக்காமல் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று முகம் முகமாகப் பிரித்து, தேவைப்படும்போது கோத்துக்கொள்வது. இதற்கு உதாரணமாகப் பாடநூலில் இருந்தது பிரிட்டனின் பசுமாட்டு நோய். நானாக ஒன்றைச் சேர்க்க அனுமதி வேண்டும்.

அக்கா கல்யாணத்துக்குக் காந்தி ரோட்டுப் பட்டுச் சேலைக் கடைக்குப் போனோம். பெரியம்மா கேட்டது இது: “அரக்குல உடம்பு, பச்சைக் கரை, கோர்வையா இருக்கணும், தாழம்பூ ரேக்கு, ருத்ராட்சம் வேணாம், முந்தியில ஜரிகை அடிச்சுக் கொட்டக் கூடாது, இருபதாயிரத்துக்குள்ள.” கல்லாவில் இருந்த பெரியவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. “தம்பி, மூணாவது தட்டு, ரெண்டாவது கட்டு” என்றார். வந்து விழுந்தது. ஏழு முகம் கொண்ட கேள்வி ஐயா, அதில் ஒன்று “வேணாம்”. வேணாம் என்பதை இன்றைக்கும் பல தேடுபொறிகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. (பெரியம்மா அதை எடுக்காமல் மாம்பழ மஞ்சளில் வேறொன்றை எடுத்தார். ஏன் என்று தெரியவில்லை. பயனர் ஆய்வு இரண்டாம் பருவத்தில்தான் வருகிறது.)

கணினி வரலாற்றுப் பகுதியில் எனக்கு வழக்கு ஒன்று இருக்கிறது. துளையிட்ட அட்டை 1804ல் பிரான்சில் ஜக்கார்டின் தறியில் ஏறியது, 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் அட்டையில் ஓட்டை குத்தி ஆட்களை எண்ணினார், அங்கிருந்து கணினிக்குப் போனது. சரியான பாடம். தேர்வில் “துளை அட்டை இன்று வழக்கில் உள்ளது – சரியா தவறா” என்று கேட்டிருந்தீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் நாங்கள் எல்லாருமே “சரி” என்று எழுதினோம். எல்லாருக்கும் பூஜ்யம்.

என் அப்பாவின் தறிக்கு மேலே அது இன்றைக்கும் தொங்குகிறது. நூலில் கோத்த அட்டைகள், மாலை மாலையாக. ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், இழை தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் இழை கிடக்கும். ஒரு அட்டைக்கு ஊடை ஒரு ஓட்டம். ஐப்பசி மழையில் அட்டை நமுத்துப் போனால் மயிலின் கழுத்து கோணிக்கொள்ளும். அப்பா சேலையைப் பார்த்தே எந்த இடத்து அட்டை என்று சொல்லி, அதை மட்டும் அவிழ்த்துப் புதுசு குத்திக் கோத்துவிடுவார். நாங்கள் பிழை திருத்தம் என்று ஒரு முழு அலகு படித்தோம். சில தறிகளில் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது, அட்டைக்குப் பதில் பென்டிரைவ். ஆக, தங்கள் விடைக்குறிப்பு ஒருநாள் உண்மையாகக்கூடும். அதுவரைக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணை எங்களுக்கு விட்டுவைக்கலாம்.

கடைசியாகக் கட்டணம். ரசீதில் நூலகக் கட்டணம் என்று தனி வரி இருக்கிறது. அப்பாவின் வீட்டு வரியிலும் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரி போகிறது. ரங்கநாதன் முயற்சியில் வந்த 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. அந்த வரியில் நடக்கும் பொது நூலகத்தில் உட்கார்ந்துதான் இந்தப் பருவத்தைப் படித்து முடித்தேன். அங்கே பீரோ திறந்திருந்தது, மின்விசிறி ஓடியது. ஆக அப்பா கொடுத்த பத்து ரூபாய் எங்கே போனது என்று தெரிகிறது. தங்களுக்குக் கட்டியதுதான் தெரியவில்லை.

கணக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில் முதல் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் வரும் குடவோலைத் தேர்தலைப் பற்றி மேடைக்கு மேடை பேசுவார்கள். மேடையில் அதிகம் வராத பகுதி ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் கூடாது. அந்த உறவுமுறைப் பட்டியல் நீளம். தங்கள் உறவினர்களை இதில் இழுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)ன் கீழ், நூலகக் கட்டணமாக வசூலான தொகை, அதில் வாங்கிய நூல்கள், மேற்படி பீரோ கடைசியாகத் திறக்கப்பட்ட தேதி ஆகியவற்றைக் கேட்டுப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனுவை இத்துடன் இணைத்துள்ளேன். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதலாமாண்டு மாணவி