அன்னைக்கே கேட்டாக

வீட்டை விற்கப் போகிறேன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அண்ணாச்சி ஒருவர் மல்லாங்கிணற்றில் தெருவுக்குத் தெரு இருக்கிறார். விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் பக்கமும் இவர்களுக்குப் பஞ்சமில்லை. மகன் சென்னைக்கு வரச் சொல்கிறான், அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை, எல்லாம் சரி. "என்ன விலை அண்ணாச்சி?" என்று கேட்டால் மட்டும் விலை வராது, வரலாறுதான் வரும். "அன்னைக்கே ஒரு சிவகாசிப் பார்ட்டி வந்து முப்பதுக்குக் கேட்டாக. நான்தான் குடுக்கல." எந்த வருடம், பேர் என்ன, அட்வான்ஸ் ஏதாவது நீட்டினாரா என்றெல்லாம் மேலே கேட்டால் வந்திருப்பது வருமான வரிக்காரரோ என்று சந்தேகம் வந்துவிடும். வீடு ஏன் போகவில்லை என்பதற்கு அண்ணாச்சியிடம் ஒரே பதில்தான்: மார்க்கெட் டல். டல் என்பதில் பொய்யில்லை. ஆனால் வீட்டைப் போகவிடாமல் வாசலை மறித்து நிற்பது அந்தச் சிவகாசிப் பார்ட்டிதான் என்பது என் கட்சி.

இந்தப் பார்ட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அவர் எப்போதும் சிவகாசிக்காரர்தான், ராஜபாளையத்திலிருந்தோ மானாமதுரையிலிருந்தோ வந்ததாகக் கேள்வியில்லை. பட்டாசோ அச்சகமோ வைத்திருப்பவர் என்றால் கையில் ரொக்கம் இருக்கும், பேரம் பேச மாட்டார் என்பது இந்த வட்டார நம்பிக்கை. வெள்ளைக் காரில் வந்தார், மஞ்சப் பையில் பணத்தோடு வந்தார், திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். முதலில் சொன்னபோது அவர் கேட்ட தொகை 22 லட்சம். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அது 25 ஆயிற்று. இப்போது 30. ஊரில் வருமானம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் ஒரே ஆள் அவர்தான். 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது அவருடைய மஞ்சப் பைக்கு ஒன்றும் ஆகவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்டு, அதையொட்டிப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோதும் அவர் சளைக்கவில்லை. கொரோனா அவரைத் தொடவே இல்லை. பட்டாசுத் தொழிலே ஆட்டம் கண்ட காலத்தில் கற்பனைப் பட்டாசு முதலாளி மட்டும் அசையாமல் நிற்கிறார். பார்ட்டி 30 சொன்னதால் அண்ணாச்சி 40 சொல்கிறார். "அன்னைக்கே முப்பதுன்னா இன்னைக்கு நாப்பதாவது இருக்காதா?" கணக்கு சுத்தம், என்ன, முதல் வரியைத்தான் சரிபார்க்க வழியில்லை.

உண்மையிலேயே வாங்க ஆளில்லை, இதில் அண்ணாச்சி என்ன செய்வார் என்று கேட்கலாம். வாங்குகிறவர் பாடு கஷ்டம்தான். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு ஒன்பது ரூபாய் அரசாங்கத்துக்கு. 2017 ஜூனில் மூன்றில் ஒரு பங்கு குறைத்த வழிகாட்டி மதிப்பை 2023 ஏப்ரலில் மறுபடி தூக்கிவிட்டார்கள். பத்திரத்தில் எழுதுவது வழிகாட்டி மதிப்பு, கைமாறுவது வேறு தொகை என்பது ஊரறிந்த வழக்கம். அந்த வித்தியாசத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது, மொத்தமாக ரொக்கம் புரட்ட வேண்டும். 2015 ஜூன் முதல் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்வதால் மஞ்சப் பைக்கு இப்போது பயமும் சேர்ந்திருக்கிறது. வங்கிப் பொறியாளரோ பழைய கட்டடத்துக்கு வயதைக் கழித்து மதிப்புப் போடுவார். இளவட்டங்களுக்கு அடுத்தவர் கட்டிய வீடே பிடிக்காது, காலி மனை வாங்கித் தன் வாஸ்துப்படி கட்டத்தான் ஆசை. இத்தனையும் நிஜம். ஆனால் சரக்குக்கு ஆள் குறைந்தால் விலை இறங்க வேண்டும் என்பதை அண்ணாச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துவரை, உளுந்து, வத்தல், எண்ணெய் விலைகளை வெளியூர்க்காரர்களும் பேப்பரில் தேடிப் படிக்கிற விருதுநகர் மார்க்கெட்டில் ஆயுசு முழுக்க வியாபாரம் பார்த்தவர் அவர். போன மாதம் கூடுதலுக்கு வாங்கிப் போட்ட வத்தலை இந்த மாதம் விலை இறங்கியதும் நட்டத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்த லோடுக்குப் போவார். "அன்னைக்கே கேட்டாக" என்று வத்தல் மூட்டை மேல் அவர் உட்கார்ந்ததில்லை. வியாபாரம் தெரியாததால் வீட்டில் சறுக்குகிறார் என்று சொல்ல வழியே இல்லை. வீட்டு விஷயத்தில் மட்டும் அதைத் தெரியாதது போல வைத்துக்கொள்கிறார்.

இது நம் ஊருக்கே உரிய வியாதி என்று சொன்னால் அநியாயம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990களில் அடுக்ககங்களின் விலை சரிந்து கிடந்த காலத்தை ஜெனசோவ், மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். வாங்கிய விலைக்குக் கீழே போக நேர்ந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூட்டிச் சொன்னார்கள், அவர்களுடைய வீடுகள் அதிக நாள் விற்காமல் கிடந்தன. முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவர்களைவிட அங்கேயே குடியிருந்தவர்களிடம் இந்தப் பிடிவாதம் அதிகம். அண்ணாச்சிக்குச் சாதகமான ஒரு சங்கதியும் அதில் உண்டு, மறைக்கக் கூடாது: பிடித்து நின்றவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் பாஸ்டன்காரர் பிடித்துத் தொங்கியது தான் கைக்காசு கொடுத்த விலையை, அதற்குப் பத்திரம் இருந்தது. அண்ணாச்சி பிடித்துத் தொங்குவது யாரோ கொடுக்காத விலையை.

நிலம் எங்கே போய்விடும், பொறுத்தால் ஏறத்தானே செய்யும் என்பது அடுத்த வாதம். இதற்கு அண்ணாச்சியிடம் ஆதாரங்கள் ஏராளம். தோப்பூரில் எய்ம்ஸ் வருகிறது. 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, கட்டட வேலை தொடங்கவே 2024 ஆயிற்றே என்றால், "அதான் தொடங்கிட்டாகல்ல" என்பார். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வருகிறது, காரியாபட்டிப் பக்கம் போனால் நான்குவழிச் சாலை. போதாததற்கு, 2023இல் நிதியமைச்சரான தங்கம் தென்னரசு இந்த ஊர்க்காரர். "மந்திரி ஊருங்க இது" என்று அதையும் செண்ட் விலையில் ஏற்றிவிடுகிறார். போகட்டும், சிவகாசிப் பார்ட்டி பத்து வருடம் முன்பு நிஜமாகவே வந்தார், நிஜமாகவே 30 லட்சம் கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு விற்று 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் வட்டிக்கு வட்டி சேர்ந்து இன்றைக்கு ஏறக்குறைய 59 லட்சம். வரி போகும், குடியிருந்த வாடகை மிச்சம் என்பார், இரண்டையும் தாராளமாகக் கழித்துக்கொள்ளட்டும். அப்படியும், இன்று கேட்டுக் கிடைக்காமல் நிற்கிற 40 அவருக்கு லாபமாகத் தெரிவது எந்தக் கணக்கில் என்று விளங்கவில்லை.

பணத்தை மட்டும் வைத்துப் பேசுவது ஈரமில்லாத பேச்சு என்றும் சொல்லலாம், அதில் நியாயம் இருக்கிறது. நிலைக்கதவுக்குத் தேக்கு தேடி அலைந்ததும், கிணறு வெட்டித் தண்ணீர் காணும்வரை தூங்காமல் கிடந்ததும் எந்த வழிகாட்டி மதிப்பிலும் ஏறாது. வாங்குகிறவன் மனைக்குத்தான் விலை பேசுகிறான், வீட்டை இடிப்பான் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். அந்த வருத்தத்துக்கு ஒரு ஐந்து லட்சம் கூடச் சொன்னால் தப்பென்று சொல்ல மனம் வராது. சென்னையில் மகன் வீட்டு மூன்றாவது மாடியில் தன்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஒருவரும் இருக்க மாட்டார் என்ற பயமும் அந்த நாற்பதுக்குள் இருக்கிறது. அப்படியானால் விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதைத்தான் சொல்ல மாட்டார். அப்பா பெயரில் இருக்கும் வீடுகளில் இது வெறும் வேடிக்கையாகவும் நிற்பதில்லை. பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுக்கவும் சட்டம் வந்தாயிற்று. திருத்தங்கலில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி கையெழுத்துப் போடத் தயார், பங்குப் பணம் வந்தால் மகள் கல்யாணத்தை முடிக்கலாம். அவள் கேட்கும்போதெல்லாம், "நான் என்ன குடுக்க மாட்டேன்னா சொன்னேன் தாயி, நல்ல விலை வரட்டும்" என்கிறார். வருகிற விலை எதுவும் நல்ல விலை ஆகாதபடி பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான். பங்கு கிடையாது என்று சொல்கிற அண்ணன் மேல் வழக்காவது போடலாம். 40 லட்சம் வரட்டும் என்கிற அண்ணனைக் கோர்ட்டுக்கு இழுக்க எந்தத் தங்கச்சிக்கு மனம் வரும்? இதைப் பிடிவாதம் என்றோ பாசம் என்றோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. இது தங்கச்சி காசில் வீட்டைக் காப்பாற்றுகிற வேலை.

புரோக்கர்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். நிஜமான ஆளைக் கூட்டி வருவதற்கு முன்னால் டம்மியாக இரண்டு பேரை அனுப்பி 18க்கும் 20க்கும் கேட்க வைப்பார்கள். அதைக் கேட்டு மனம் இறங்கியிருக்கும் நேரத்தில் 26க்கு ஒருவர் வந்தால் விற்பவர் மடங்கிவிடுவார் என்பது தொழில் ரகசியம். வேறு ஊர்களில் அது பலித்திருக்கலாம். இங்கே 26க்கு வந்தவரை அண்ணாச்சி திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்து, "நேத்தும் முந்தாநாளும் ரெண்டு பேரு வந்து கேட்டுட்டுப் போயிருக்காக, வீட்டுக்கு அம்புட்டுக் கிராக்கி" என்று சொல்லி, நாற்பதை நாற்பத்திரண்டு ஆக்கினார்.