கெட்டு மாமா

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எந்த ஊரில் இறங்கி, "ஒரு பார்சல் கெட்டணும்" என்று கேட்டாலும் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே ஒரு வீட்டைக் காட்டுவார். ஊருக்கு ஒரு கெட்டு மாமா உண்டு. முன்னாள் வளைகுடாக்காரர். நைலான் கயிறு வரிந்து, நாலு பக்கமும் மார்க்கரில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டிகளோடு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வாலிபத்தைக் கழித்தவர். விசா முடிந்துவிட்டது, கை மட்டும் நிற்கவில்லை. கூலி வாங்கமாட்டார். வாங்கினால் நாம் யோசனை சொல்லிவிடுவோமே!

நாம் கொண்டுபோவது சாதாரணச் சாமான்தான். பெங்களூரில் படிக்கும் பிள்ளைக்கு ஏத்தங்காய் சிப்ஸ் அரைக் கிலோ, மாங்காய் அச்சாறு ஒரு பாட்டில். மாமா பாட்டிலைக் கவிழ்த்துப் பார்ப்பார். நம்மையும் ஒருமுறை பார்ப்பார். மூடியைத் திறந்து, பிளாஸ்டிக் தாள் வைத்து, மறுபடி திருகி, சுற்றிலும் டேப் ஒட்டி, பாலிதீன் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போடுவார். பிறகு அஞ்சல் விதி ஆரம்பமாகும்: திரவமென்றால் கசியாத பாத்திரம், அதற்கு வெளியே ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே உடைந்தாலும் உறிஞ்சிக்கொள்ள மரத்தூள் அல்லது தவிடு. "மரத்தூளுக்கு எங்க போவ மாமா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சாக்கைக் கையில் கொடுத்துத் தடிமில்லுக்கு நம்மையே அனுப்பிவிடுவார்.

மீதி இடத்தில் பழைய பத்திரிகை. ஒரு தாள் மலையாளம், ஒரு தாள் தமிழ், இரண்டையும் ஒன்றாகக் கசக்கித் திணிப்பார். 1956-இல் மாநில எல்லை போட்டு விளவங்கோட்டை அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரையை இந்தப் பக்கமும் பிரித்தவர்கள் இந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

ஒட்டியதும் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே லேசாக ஒரு சத்தம் கேட்டாலும் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தொடங்குவார். "கொலுங்குனா பொட்டும்." இதில் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி, உள்ளே ஓடியாட இடம் கிடைத்த பாட்டில்தான் உடைகிறது. குலுக்கலில் தேறினால், இடுப்புயரத்திலிருந்து திண்ணையில் ஒரு போடு. பாட்டிலின் சொந்தக்காரிக்கு அந்தக் கணத்தில் உயிர் போய் வரும்.

நிஜமாகவே உயிர் போவது கொரியர் கவுண்டரில். அங்கே தராசு மட்டும் பேசாது. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். மாமா கெட்டிய பெட்டி 40, 30, 25. அரைக் கிலோ சிப்ஸும் ஒரு பாட்டில் அச்சாறும் 6 கிலோவாகப் பெங்களூர் போகும். திரும்பி வந்து முறையிட்டால், "பொட்டிப்போனா அச்சாறு திரும்பி வருமா?" என்பார்.

விலாசமும் அவர் கையால்தான் எழுத வேண்டும். 1972-இல் பின்கோடு வந்ததிலிருந்து அவருக்கு மனிதர்கள் எல்லாரும் எண்கள். பாறசாலை 695502, களியக்காவிளை 629153. களியக்காவிளையில் கெட்டிக்கொடுத்த மகளுக்கு அவசரமாக ஒரு மூக்குக் கண்ணாடி அனுப்ப வந்தார் ஒருவர், சாயங்காலம் நடந்தே போய்க் கொடுத்துவிடலாம். மாமா அதற்கும் மூன்று அடுக்குக் கெட்டினார். "ஸ்டேட் மாறுது, கேட்டியளா?"

பார்சலைப் பிரிப்பவர்களின் பாடு தனி. ஹாஸ்டல் பையன் வெட்டோத்திக்கு எங்கே போவான்? சாவியால் கீறி, பல்லால் இழுத்து, கடைசியில் போன் செய்வான். மாமாவுக்கு அந்த அழைப்புதான் விருது. அச்சாறு எப்படி இருந்தது என்று கேட்கமாட்டார்; எத்தனை நேரம் ஆயிற்று என்றுதான் கேட்பார்.

மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு மார்த்தாண்டம் தேன் அனுப்ப வேண்டும் என்று ஒரு அக்கா வந்தபோது மாமா சற்றுத் தயங்கினார். தேன், எந்த மூடியிலும் வழி கண்டுபிடிக்கும் சாமான். டீக்கடையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் சொன்னார்: "பன்னாட்டு அஞ்சல் விதியில உயிரோட அனுப்பலாம்னு இருக்கதே சிலதுதான், மாமா. தேனீ, அட்டை, பட்டுப்புழு மாதிரி. பேசாம தேனீய அனுப்பிரும். அங்க போயி அதுவே எடுத்துக்கிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பெட்டியின் அளவை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒக்காது. மூச்சு விட ஓட்டை போடணும். ஓட்டை போட்ட பொறவு அது என்ன கெட்டு?"