ஒற்றைக்கால் பறவை

சிங்கப்பூரில் குளிர்காலம் உண்டு. சிரிக்காதீர்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் ஊற்றினால் வெப்பநிலை 23, 22 என்று இறங்கும். எங்கள் சுவா சூ காங் புளோக்கில் மின்விசிறியை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைப்போம். இந்தத் தீவில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி, அதுவும் 1934 ஜனவரியில். ஊட்டியில் அதற்குக் கோடை விடுமுறை என்று பெயர்.

அப்படி மழை விட்ட ஒரு நாளில்தான் எனக்கு இயற்கை நடை போகும் ஆசை வந்தது. காரணம் யூடியூப். யாரோ ஒரு கனடாக்காரர், இலை உதிர்ந்த கிழட்டுச் சதுப்பு மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே, பனியில் பதிந்த கால்தடங்களைக் காட்டி இது நரி, இது முயல் என்று சொல்லிக்கொண்டு போனார். நமக்குப் பனி இல்லாவிட்டால் என்ன, சேறு இருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம்.

சேற்றுக்கு நாங்கள் அலையத் தேவையில்லை. கிராஞ்சிப் பக்கம் சுங்கை பூலோ இருக்கிறது. அதன் கதை எனக்குப் போகாமலே அத்துப்படி. ஒரு காலத்தில் இறாலும் மீனும் வளர்த்த குட்டைகள். 1986இல் பறவை பார்க்கப் போன சிலர், அங்கே கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் வலசைப் பறவைகளைக் கண்டு, இதைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள். 1989இல் 87 ஹெக்டேர் ஒதுக்கினார்கள். 1993 டிசம்பர் 6ஆம் தேதி பிரதமர் கோ சோக் தோங் திறந்துவைத்தார். 2002இல் அது 130 ஹெக்டேர் இயற்கைக் காப்பகம் ஆனது. முன்பு இந்தத் தீவில் சுமார் 13 விழுக்காடு நிலம் அலையாத்திக் காடு. இன்று மிச்சம் ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான். இதையெல்லாம் கல்யாண விருந்துகளில் எடுத்துவிடுவேன். ‘அடிக்கடி போவீங்களோ?’ என்று யாரும் கேட்காதவரை நான் பெரிய ஆள்.

தயாரிப்பில் குறை வைக்கவில்லை. முஸ்தபாவில் ஒரு ஸ்வெட்டர். ஹார்ட்வேர் கடையில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன ஆன்ட்டி என் காலையே பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசியில் கேட்டேவிட்டார்: எந்தச் சந்தையில் மீன் விற்கிறேன், இன்றைக்கு வெள்ளை வௌவால் என்ன விலை?

உள்ளே போனால் அழகான மரப்பலகைப் பாதை. நான்கு வயதுப் பிள்ளைகள் ஸ்லிப்பரோடு ஓடிக்கொண்டிருந்தன. முழங்கால் வரை பூட்ஸ் மாட்டியிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நான். மற்றவர் அங்கே வேலை பார்ப்பவர், நானும் அப்படித்தான் என்று நினைத்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

சேறு மட்டும் இல்லை. கடல் ஏற்றம் என்று ஒன்று இருப்பதும், அதற்கு அட்டவணை போட்டு வைத்திருப்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. ஜோகூர் நீரிணைத் தண்ணீர் மரங்களின் இடுப்பு வரை நின்றது. வெண்கண்டல் தன் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக நீட்டி வைத்திருக்கும் என்று படித்திருந்தேன். அத்தனை பென்சிலும் தண்ணீருக்குள். தடமா, வாய்ப்பே இல்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குட்டைகளைத் தாண்டி நடந்தேன். அங்கே ஏதோ பறவைகள் தோளோடு தோள் உரசி நின்றுகொண்டிருந்தன. நான் குனிந்தே போனேன்.

அந்த ‘ஏதோ பறவைகள்’ பவளக்காலிகளும் பொன்னிற உப்புக்கொத்திகளும். செப்டம்பர் வாக்கில் வடக்கேயிருந்து, உப்புக்கொத்தி என்றால் சைபீரியாவிலிருந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து மார்ச் வரை தங்குபவை. ஏற்றத்தில் கடலோரச் சேறு முழுகிவிடுவதால், அவை உள்ளே இருக்கும் பழைய இறால் குட்டைகளுக்கு வந்துவிடும். மதகு வைத்து அங்கே தண்ணீரைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஆக, பறவை பார்க்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. வீட்டுக்கு வந்தபின் படித்துத் தெரிந்துகொண்டேன். புத்திசாலித்தனமாக அடுத்த முறை அட்டவணை பார்த்து வற்றத்தில் போனேன். சேறு இருந்தது. பறவைகள் எல்லாம் கடலோரம் மேயப் போயிருந்தன.

பரவாயில்லை, தடங்கள் இருந்தன. முதல் தடத்தில் நடுவே நெளிநெளியாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சின்னப் பள்ளங்கள். ஏதோ குழந்தை பொம்மை வண்டியை இழுத்துப் போயிருக்கிறது என்று மனைவியிடம் விளக்கினேன். அலையாத்திச் சேற்றுக்குள் எந்தக் குழந்தை இறங்கும் என்று அவள் கேட்டாள். விவாதம் முற்றுவதற்குள் வண்டியே பாதைக்கு ஏறி வந்தது. என் உயரத்துக்குக் குறையாத உடும்பு. நடுக்கோடு அதன் வால் இழுபட்டது. அது எங்களை மதிக்காமல் குறுக்கே போய்விட்டது. மனைவியும் அப்படித்தான்.

அடுத்தது மண்பாதையில். ஒரே ஒரு வட்டக் குழி, ஓர் அடி தள்ளி இன்னொன்று, அப்படியே நேர்க்கோட்டில் தொடர்ந்தது. கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கும், தெரியும். ஒற்றைக் காலிலேயே நடக்கும் பறவை புதிதாயிற்றே! கைப்பேசியில் விதவிதமாகப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். வளைவு திரும்பியதும் அந்த அபூர்வப் பறவை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, குடையை ஊன்றியபடி கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டிருந்தது. எழுபது வயதிருக்கும்.

நீர்நாய்த் தடத்தை மட்டும் சரியாக அடையாளம் கண்டேன் என்று சொல்ல ஆசை. 1970களில் காணாமல் போய் 1998இல் மறுபடி தலைகாட்டியது இந்தச் சுங்கை பூலோவில்தான் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை. ஐந்து விரல், நடுவே சவ்வு என்று மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கண் வலிக்கத் தேடினேன். அதே வாரம் என் நண்பர் பீஷான் பூங்காவில் மெதுவோட்டம் போகும்போது, ஒரு நீர்நாய்க் குடும்பம் வழியை மறித்ததால் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டார்.

முதலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். பாலத்தில் நின்று பார்த்தபோது ஒன்று மிதந்து வந்தது. ‘முதலை!’ என்று கத்தினேன். முழங்கை நீள லென்ஸோடு நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். அது மரக்கட்டை. ஒருவர் மிக மரியாதையாக ‘நல்ல கட்டை’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அவமானத்தில், கரையோரம் கிடந்த அடுத்த கட்டையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கட்டைதான் வாயைத் திறந்தது.

தனியாகப் போனால்தானே இந்தக் கூத்து என்று, பிறகு ஒரு சனிக்கிழமை வழிகாட்டி நடையில் சேர்ந்துகொண்டேன். தொண்டூழியர் ஒரு சீனப் பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பவளாக இருக்கலாம். அவள் முன்னால் கொஞ்சம் பக்குவமாகவே நடந்துகொண்டேன். பாதையோரம் மண்புற்று ஒன்று தெரிந்தது. ஊர்ப் பழக்கம், கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதற்குள் இருப்பது சேற்று இறால் என்றாள் அவள். ராத்திரியெல்லாம் அடிமண்ணை அள்ளி மேலே கொட்டிக் கோபுரம் கட்டுமாம், வெளியே முகம் காட்டாதாம். அன்றிரவு எங்கள் வீட்டில் இறால் சம்பால்.

சுரபுன்னையின் ஊன்றுவேர்களைத் தாண்டியதும் ஒரு மரம். பச்சைக்கு நடுவே சில இலைகள் மட்டும் ஆரஞ்சும் சிவப்புமாக இருந்தன. ஆகா, கனடா! கடைசியில் எனக்கும் ஒரு குளிர்கால மரம் கிடைத்துவிட்டது. செடி, மரம் எல்லாவற்றையும் சொல்லும் செயலியைத் திறந்து கைப்பேசியை நீட்டினேன். எதிரே ஜோகூர்க் கட்டடங்கள். ‘மலேசியாவுக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி வந்து, டேட்டா நின்றுபோனது. சரி, தொட்டாவது பார்ப்போம் என்று கிளையை எட்டினேன்.

“அங்கிள், தொடாதீங்க!” அந்தப் பெண் போட்ட சத்தத்தில் வரிசையே நின்றது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கொஞ்ச நாளைக்குப் போய்விடலாமாம். மலாயில் ‘பூத்தா பூத்தா’. இலை உதிரும் முன் இப்படித்தான் சிவக்குமாம், குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். எனக்கு ஆர்வமூட்டும் என்று நினைத்தோ என்னவோ, ஆங்கிலத்தில் இன்னொரு தகவலும் சொன்னாள்: தென்னிந்தியாவில் ஒரு பெரிய கோயில் நகரத்துக்கு இந்த மரத்தின் பெயர்தான் பழைய பெயர். சிதம்பரம் என்று ஒரு ஊர், கேள்விப்பட்டிருக்கிறீர்களா அங்கிள்?

நான் சிதம்பரத்துக்காரன். என் அடையாள அட்டையில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அப்பா பெயரே தில்லையில்தான் தொடங்குகிறது. பிச்சாவரத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் படகேறிப் போய், அந்த மரங்களுக்கு அடியில் புளிச்சோறு தின்றவன். ‘கேள்விப்பட்டிருக்கிறேன்’ என்றேன்.

ஊருக்குப் போன் போட்டபோது அம்மாவிடம் தில்லை விவகாரத்தை மறைத்துவிட்டு, முதலையை மட்டும் கொஞ்சம் நீளமாக்கிச் சொன்னேன்.

“ஏண்டா, முதலை பாக்கவா பஸ்ஸு ஏறிப் போன? இங்க பழைய கொள்ளிடத்துலயே கெடக்குதே. ஆடு மாடு ஓட்டிக்கிட்டுப் போறவன் பயந்துகிட்டு நிக்கிறான். லீவு போட்டுட்டு வா, காட்டுறேன்.”

டிசம்பருக்கு டிக்கெட் பார்த்தேன். சிங்கப்பூர்–சென்னை, பள்ளி விடுமுறை விலை. மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன். உப்புக்கொத்திகளும் அப்போதுதான் கிளம்புகின்றன, என்ன, அவற்றுக்குப் பெட்டி எடைக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.