கொலையும் குடித்தனமும்

கேள்வி: சரித்திரக் காலத்துத் துப்பறியும் நாவல்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து துப்பறிவது இப்போது பெரிய மோஸ்தர். கூடவே மனைவி எதற்கு? ஷெர்லக் ஹோம்ஸ் கட்டைப் பிரம்மச்சாரியாக இருந்துதானே அத்தனை வழக்கையும் முடித்தார்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முடித்தார்தான். எப்படி முடித்தார் என்பதையும் பார்த்துவிடுவோம். 1904-இல் வந்த மில்வர்ட்டன் கதையில், கடிதங்களை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கும் ஒருவனின் வீட்டு உள்விவகாரம் ஹோம்ஸுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. குழாய் ரிப்பேர்காரராக வேஷம் போட்டு, அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு தினமும் உலாவப் போய், கடைசியில் கல்யாணத்துக்கு நிச்சயமே பண்ணிக்கொள்கிறார். அந்தப் பெண்ணின் கதி என்ன என்று வாட்சன் பதறுகிறார். ஹோம்ஸ் தோளைக் குலுக்குவதோடு சரி. உலகத்தின் தலைசிறந்த பிரம்மச்சாரித் துப்பறிவாளருக்கே ஒரு வீட்டின் பின்கட்டுக்குள் நுழையப் பொய்க் கல்யாணம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. அதை மெய்க் கல்யாணமாக்கிக்கொண்டால் என்ன என்று பிற்காலத்து எழுத்தாளர்கள் யோசித்ததில் தப்பில்லை.

விஷயம் இதுதான். இன்றைக்கு நடக்கும் கதையில் துப்பறிகிறவர் அடையாள அட்டையை நீட்டினால் எந்த அறைக்குள்ளும் போகலாம். பழைய காலம் அப்படியில்லை. வீடு முன்கட்டு, பின்கட்டு என்று பிரிந்து கிடந்தது. ஊர் மேல்குடி, கீழ்குடி என்று பிரிந்து கிடந்தது. எந்த ஒரு மனிதராலும் பாதிச் சமூகத்தைத்தான் பார்க்க முடிந்தது. எட்வர்ட் லேன் என்ற ஆங்கில அறிஞர் எகிப்தியரின் வாழ்க்கைமுறையைப் பற்றி 1836-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அரபி தெரியும், எகிப்திய உடை உடுத்துவார், கெய்ரோவில் அவருக்குத் தெரியாத சந்து இல்லை. ஆனால் பெண்கள் இருக்கும் அந்தப்புரத்துக்குள் மட்டும் போக முடியவில்லை. 1842-இல் மறுபடி போனபோது தங்கை சோஃபியாவையும் அழைத்துப் போனார். அண்ணன் பார்க்க முடியாததைத் தங்கை பார்த்து எழுதினார். அறிஞருக்கே இந்தக் கதி என்றால் கொலையைத் துப்பறிகிறவர் தனியாகப் போய் என்ன கண்டுபிடிப்பார்?

ஆன் பெரியின் நாவல் வரிசை இந்தக் கணக்கை அப்பட்டமாகப் போடுகிறது. 1979-இல் வந்த முதல் நாவலின் கதை 1881-ஆம் ஆண்டு லண்டனில் நடக்கிறது. தாமஸ் பிட் போலீஸ்காரர். பெரிய வீடுகளில் போலீஸ்காரருக்கும் பால்காரருக்கும் ஒரே வாசல்தான். சார்லட் அந்தப் பெரிய வீடுகளில் பிறந்தவள். இருவருக்கும் கல்யாணம் ஆனபிறகு அவர் சமையலறை வழியாகப் போய் வேலைக்காரர்களை விசாரிக்கிறார். அவள் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே சீமாட்டிகள் எதைச் சொல்லாமல் விழுங்குகிறார்கள் என்று பார்க்கிறாள். ராத்திரி வீட்டில் இரண்டு பாதியும் ஒட்டப்படுகின்றன. இதில் காதல் அலங்காரமல்ல, கதையின் அச்சாணி. லிண்ட்ஸி டேவிஸ் 1989-இல் தொடங்கிய வரிசையில், கி.பி. 70-ஆம் ஆண்டு ரோமாபுரியில், கீழ்க்குடியில் பிறந்த ஃபால்கோவும் செனட்டர் மகள் ஹெலினாவும் செய்வதும் இதே வேலைதான். ஆனால் அவளை முறைப்படி மணக்க ஃபால்கோ அடுத்த வகுப்புக்கு உயர வேண்டும். அதற்கு 4,00,000 செஸ்டர்ஷியஸ் சொத்து காட்ட வேண்டும். மாப்பிள்ளை பணம் கட்டிப் பெண்ணெடுக்கத் திண்டாடும் கதையைப் படிப்பதில் நமக்கு ஒரு தனி சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

கேள்வி: வீட்டுக்குள் நுழையத்தான் பெண் வேண்டுமென்றால் லேனைப் போலத் தங்கையே போதுமே? மனைவிதான் வேண்டுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தங்கை அண்ணன் சொன்னதை எழுதிக் கொடுப்பாள். மனைவி, “நீங்கள் நினைப்பது தப்பு” என்பாள். துப்பறியும் கதைக்கு இந்த இரண்டாவது குணம் உயிர்நாடி. வாட்சன் வியக்கிறவர், வியக்கிறவரிடம் ஊகத்தைச் சோதித்துப் பார்க்க முடியாது. சமமான இருவர் ஆளுக்கொரு ஊகத்தோடு மல்லுக்கட்டும்போது வாசகர் நடுவில் உட்கார்ந்து தராசு பிடிக்கலாம். எலிசபெத் பீட்டர்ஸின் அமீலியா பீபாடி நாவல்களில் இந்தப் போட்டி வேடிக்கையாகவே நடக்கிறது: எகிப்தில் அகழாய்வு செய்யும் அமீலியாவும் கணவன் எமர்சனும் கொலையாளி யாரென்று தனித்தனியே எழுதி, உறையில் போட்டு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அமீலியா பல சமயம் தப்பாகத்தான் ஊகிக்கிறாள். பிறகு எல்லாம் முன்பே தெரிந்த மாதிரி நாட்குறிப்பில் எழுதுகிறாள். சொந்த நாட்குறிப்பிலேயே பொய் சொல்லும் கதைசொல்லியைக் கையும் களவுமாகப் பிடிக்க, பக்கத்தில் ஒரு புருஷன் இருந்தால் சௌகரியம்தானே?

சட்டக் காரணமும் ஒன்று உண்டு. தாம்பத்தியத்தின்போது ஒருவருக்கொருவர் சொன்னதை வெளியிடும்படி கணவனையோ மனைவியையோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு சொன்னது. அண்ணன் தங்கைக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: காதலும் குடும்பமும் நுழைந்தால் மர்மம் நீர்த்துப்போகாதா? (வாசகர், சென்னை)

பதில்: இது பழைய பஞ்சாயத்து. 1928-இல் அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் துப்பறியும் கதைக்கு 20 விதிகள் போட்டார். மூன்றாவது விதியே காதல் கூடாது என்பது. அதே ஆண்டு டாரதி சேயர்ஸும் காதல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்ற கட்சியில் இருந்தார். 1930-இல் அவரே பீட்டர் விம்ஸியைத் தூக்குமேடை நிழலில் நிற்கும் ஹாரியட் வேன் மீது காதல்கொள்ள வைத்தார். 1937-இல் இருவருக்கும் கல்யாணம் முடித்து, தேனிலவு வீட்டின் நிலவறையில் ஒரு பிணத்தையும் வைத்து, அந்த நாவலுக்குக் காதல்கதை என்றே துணைத்தலைப்பு கொடுத்து, துப்பறிதலை இடையூறு வரிசையில் சேர்த்துவிட்டார். விதி போட்டவர்களை விட்டுவிடுவோம். கட்சி மாறியவர்தான் சரியான சாட்சி.

ஆனால் ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. துப்பறிதலுக்கு உதவாத காதல் மர்மத்தைக் கெடுக்கத்தான் செய்யும். கோனன் டாயில் இதை உணர்ந்தவர். வாட்சனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். மேரிக்குக் கதையில் ஒரு வேலையும் கொடுக்க முடியவில்லை. சில வருஷம் கழித்துச் சத்தமில்லாமல் மேலே அனுப்பிவிட்டார். மனைவிக்குச் சாவி கொடுக்காவிட்டால் அவள் சுவரில் மாட்டிய படமாகிவிடுவாள் என்பதற்கு மேரி வாட்சன் நல்ல உதாரணம்.

கல்யாணம் செய்யும் இன்னொரு உபகாரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை: அது காலத்தை ஓடவைக்கிறது. 1920-இல் அறிமுகமாகும்போதே போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரான, அகதா கிறிஸ்டியின் போய்ரோ, 1975-இல் வந்த கடைசி நாவல் வரை துப்பறிகிறார். வயதைக் கூட்டிப் பார்க்காமல் இருப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அதே கிறிஸ்டியின் டாமியும் டப்பென்ஸும் 1922-இல் கையில் காசில்லாத இளசுகள்; 1973-இல் பேரக்குழந்தை எடுத்த கிழவர்கள். குடும்பம் என்று வந்துவிட்டால் குழந்தை பிறக்கும், வளரும், நரை வரும். சரித்திர நாவலுக்கு இதைவிட நல்ல கடிகாரம் உண்டா? பீட்டர்ஸ் 1884-இல் தொடங்கி துத்தன்காமன் கல்லறை திறந்த காலம் வரை ஒரே குடும்பத்தை வைத்துக் கடந்துவிட்டார்.

கேள்வி: 1884-இல் ஒரு பெண் கையில் குடையோடு பாலைவனத்தில் தோண்டினாள், துப்பறிந்தாள் என்பதெல்லாம் இன்றைய பெண்ணுக்குப் பழைய பாவாடை கட்டிவிட்ட கதைதானே? (வாசகர், மதுரை)

பதில்: இந்த வகை நாவல்களில் பாதிக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். பீட்டர்ஸ் மேல் சுமத்துவது கஷ்டம். அந்தப் பெயர் புனைபெயர். தம் பிள்ளைகள் எலிசபெத், பீட்டர் இருவரின் பெயரையும் ஒட்டி வைத்துக்கொண்டவர் பார்பரா மெர்ட்ஸ், 1952-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவருடைய அமீலியாவுக்கு நிஜத்தில் முன்னோடிகள் உண்டு. நாவலாசிரியை அமீலியா எட்வர்ட்ஸ் நைல் நதியில் பயணம் செய்து 1877-இல் நூல் எழுதி, 1882-இல் எகிப்திய அகழாய்வு நிதி தொடங்க முன்னின்றார். அகழாய்வாளர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரியின் மனைவி ஹில்டா கல்லறைக் குழிகளில் இறங்கிக் கல்வெட்டுகளைப் பார்த்து வரைந்தார். 1975-இல் வந்த முதல் நாவலில் அமீலியா, அமர்னாவின் வண்ணத் தரையை அழியாமல் காக்க மரவள்ளி மாவுக் கரைசலை விரலால் தடவுகிறாள். நம்ம ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரிதான். நாவலாசிரியையின் கற்பனை என்று தோன்றும். பெட்ரி 1890-களில் அதே அமர்னாவில் செய்த காரியம் அது.

இதைவிட முக்கியமான சான்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அமீலியாவுக்கு அப்பாவின் சொத்து வருகிறது. அதை வைத்துத்தான் எகிப்துக்குப் போகிறாள், தோண்டுகிறாள். 1882-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்கு முன்னால் என்றால், தனி ஏற்பாடு செய்து வைக்காத வரை, தாலி ஏறிய மறுநிமிஷம் அவள் பணம் எமர்சன் பணமாகியிருக்கும். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1883-இல். நாவல் தொடங்குவது 1884-இல். ஒரு வருஷம் தள்ளி வைத்திருக்கிறார். பத்து வருஷம் முன்னால் நடந்ததாக எழுதியிருந்தால் சமமான தம்பதி என்பதே பொய்யாகியிருக்கும்.

கேள்வி: எகிப்தில் நடக்கும் கதையில் புத்திசாலிகள் எல்லாம் வெள்ளைக்காரர்களாக இருப்பது உங்களுக்கு உறுத்தவில்லையா? (வாசகி, கொழும்பு)

பதில்: உறுத்துகிறது. எகிப்தியர்கள் தோண்டுகிறார்கள், கூடை சுமக்கிறார்கள், விசுவாசமாக இருக்கிறார்கள். நாட்குறிப்பு எழுதுகிறவள் மட்டும் இங்கிலீஷ்காரி. இதற்கு முழு மன்னிப்பு கிடையாது. ஆனால் அமீலியாவின் தற்பெருமையைப் பார்த்துச் சிரிக்கிற முதல் ஆள் அவளைப் படைத்தவர்தான். 1998-இல் வந்த நாவலில் தலைமைத் தொழிலாளி அப்துல்லாவின் பேரனும் அமீலியாவின் மைத்துனர் மகளும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். சமத்துவம் பேசியே வளர்ந்த அமீலியா திடுக்கிடுகிறாள். தன் மனசில் இருந்த அழுக்கு தனக்கே தெரிந்துபோகிறது. அத்தனை வருஷம் யார் யாரையோ துப்பறிந்தவளை ஒரு கல்யாணப் பேச்சு துப்பறிந்துவிட்டது.

கேள்வி: தமிழில் இப்படி ஒரு ஜோடி இல்லையா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நிகழ்காலக் கதைக்கு ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் இருக்கிறார்கள். சரித்திரத்துக்கு உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ‘பொன்னியின் செல்வ’னில் குந்தவை நினைத்த இடத்துக்கெல்லாம் போக முடியாதவள், எல்லாம் அறிந்தவள், வந்தியத்தேவன் எங்கும் போகக்கூடியவன், ஒன்றும் அறியாதவன். முன்கட்டும் பின்கட்டும். குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையை மட்டும் கல்கி கடைசிவரை முடிச்சவிழ்க்காமல் விட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒருவேளை அவிழ்ந்திருக்கும்.

கேள்வி: அமீலியாவும் எமர்சனும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவார்கள்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அவளுக்கு அவர் ‘எமர்சன்’, அவருக்கு அவள் ‘பீபாடி’. கூட வேலை பார்க்கும் ஆளைக் குடும்பப் பெயரால் கூப்பிடுகிற ஆண்கள் வழக்கம் அது. மனைவிக்கு அதைக் கொடுத்தார். ‘அமீலியா’ என்று அவர் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.